ஆரிட்டச் சொல்லுறது? பாலுறுப்பு மருவும் அதற்கான சிகிச்சை வழிகளும்

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனாலும் ஒருவருடைய நித்திரையை மாதக்கணக்கில் கெடுக்க இந்தச் சிறு மரு போதும். இதற்கு மருந்துகள் பல உண்டு. செலவில்லாத சிகிச்சை யாழ்ப்பாணத்திலேயே உண்டு. நோயாளிக்கும் சிகிச்சைக்கும் இடையில் நிற்பது வெட்கம் ஒன்றுதான்.

பெரும்பாலும் குளிக்கும்போதுதான் அது கையில் தட்டுப்படும். தோலின் நிறத்திலோ சற்றுக் கறுத்தோ அரிசி மணியளவில் ஒரு முளை. சில கிழமைகளில் பக்கத்தில் இன்னொன்று. கவனிக்காமல் விட்டால் நாலைந்து சேர்ந்து சொரசொரப்பான ஒரு திரளாகலாம். சிலருக்குக் கடிக்கும், சிலருக்கு லேசாக இரத்தம் கசியும். பலருக்கு எந்த உபத்திரவமும் இராது.

உபத்திரவம் தொடங்குவது மனதில். "ஆரிட்டச் சொல்லுறது?" ஊர்ப் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பிள்ளை ஒன்றுவிட்ட மச்சாளாக இருப்பாள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர். பெரியாஸ்பத்திரி வாசலில் ஐந்து நிமிடம் நின்றால், "என்ன இந்தப் பக்கம்?" என்று கேட்க ஒருவராவது வந்துவிடுவார். அதனால் பருத்தித்துறைக்காரர் யாழ்ப்பாணம் ரவுணில் முகம் தெரியாத பாமசியைத் தேடுவார். ரவுணில் இருப்பவர் கொழும்புக்குப் போகும் நாள் வரட்டும் என்று இருப்பார். மிச்சப் பேர் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியில் படங்களைப் பார்த்துப் பயந்துபோவார்கள்.

பாலுறுப்பு மரு உலகெங்கும் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பாலியல் தொற்றுகளில் ஒன்று. இலங்கையின் பாலியல் நோய்க் கிளினிக்குகளிலும் அதிகம் பதிவாகும் நோய்களில் அதுவும் இருக்கிறது. ஆகவே மருவைக் கண்டு, தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒடுங்கிப்போக வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவை சில. இது என்ன, எதனால் வந்தது, எந்த மருந்து யாருக்குப் பொருந்தும், எங்கே போவது.

மரு எது, மரு அல்லாதது எது?

மருவை உண்டாக்குவது மனித பப்பிலோமா வைரஸ். வைத்தியர்கள் சுருக்கமாக எச்.பி.வி. என்பார்கள். இந்தக் குடும்பத்தில் 200-க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கைவிரலிலும் உள்ளங்காலிலும் மரு வளர்ப்பவை வேறு வகைகள். பாலுறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் மருக்களில் 100-க்கு 90 அளவுக்கு 6, 11 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே காரணம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் எச்.பி.வி.யால் வருவதுதான். ஆனால் அதில் பத்துக்கு ஏழு 16, 18 ஆகிய வகைகளால் வருகிறது. மரு வந்தவுடன், "புற்றுநோய் வந்துவிட்டது" என்று முடிவு கட்டுவது பிழை. சாதாரண மரு புற்றுநோயாக மாறுவதில்லை. மருவைத் தந்த அதே வழியால் மற்ற வகைகளும் வந்திருக்கக்கூடும் என்பதால், பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், மருவே இல்லாமல் மரு என்று நடுங்குகிறவர்களும் உண்டு. ஆண்குறி முனையின் விளிம்பைச் சுற்றி ஒரே அளவில், ஒரே வரிசையில் வெண்மையான சிறு முளைகள் சில ஆண்களுக்கு இயல்பாகவே இருக்கும். அது நோயல்ல, தொற்றாது, மருந்தும் வேண்டாம். பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களில் இரு பக்கமும் சமச்சீராக இருக்கும் மென்மையான சிறு நீட்சிகளும் அப்படித்தான். மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள் வெறும் எண்ணெய்ச் சுரப்பிகளாக இருக்கலாம். நடுவில் குழி விழுந்த பளபளப்பான கொப்புளம் என்றால் அது மொலஸ்கம் என்ற வேறொரு வைரஸ்.

இவற்றை விட முக்கியமான ஒன்று, சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்தில் வரும் தட்டையான, ஈரமான தடிப்பு. அது மருவைப் போலவே தோன்றும். அதற்கு மருவை எரிக்கும் மருந்தால் பயனில்லை, பெனிசிலின் ஊசி வேண்டும். கிளினிக்கில் மருவைப் பார்த்த பிறகு இரத்தமும் எடுப்பது இதனால்தான். மருவைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அனுபவமுள்ள வைத்தியர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். மரு வழக்கத்துக்கு மாறாகக் கறுத்தோ, புண்ணாகியோ, மருந்துக்கு அசையாமலோ இருந்தால் மட்டும் சிறு துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

"ஆர் தந்தது?"

இந்தக் கேள்வியால் உடைந்த வீடுகள் இருக்கும். பதிலைச் சொல்ல வைத்தியத்தாலேயே முடியாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மரு பாலுறவால் தொற்றுவது என்பது நெடுநாளாகச் சந்தேகமாகவே இருந்தது. 1954-இல் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், கொரியப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் மனைவியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கணவன்மார் திரும்பி வந்து சில கிழமைகளில் அந்தப் பெண்களுக்கு மரு தோன்றியிருந்தது. அதற்குப் பிறகே இது பாலியல் தொற்று என்பது பரவலாக ஏற்கப்பட்டது.

ஆனால் எல்லாருக்கும் அப்படிச் சில கிழமைகளில் தோன்றுவதில்லை. வைரஸ் உடலுக்குள் புகுந்து இரண்டு மூன்று மாதத்தில் மரு எழுவதுதான் வழமை. மாதங்கள் பல கழித்தும், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் எழலாம். வைரஸைச் சுமக்கும் பெரும்பாலானோருக்கு மரு எழுவதே இல்லை. அவர்கள் அறியாமலே வாங்கி, அறியாமலே கொடுத்து, அறியாமலே குணமாகிவிடுகிறார்கள். எச்.பி.வி. தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றை உடலே இரண்டு ஆண்டுக்குள் அடக்கிவிடுகிறது.

ஆகவே கலியாணம் கட்டி நாலு வருடத்துக்குப் பிறகு மனைவிக்கு மரு வந்தால், அதை வைத்து நேற்று நடந்ததையோ நாலு வருடத்துக்கு முன் நடந்ததையோ நிரூபிக்க முடியாது. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மாப்பிள்ளை வந்து கட்டிக்கொண்டு போகும் ஊரில், பிரிந்திருக்கும் தம்பதியர் நிறைந்த ஊரில், இந்த ஒரு உண்மை தெரிந்திருப்பது பல சண்டைகளைத் தவிர்க்கும். கிளினிக்கில் துணையையும் கூட்டி வரச் சொல்வது விசாரணைக்கு அல்ல. அவருக்கும் மரு இருக்கிறதா, வேறு தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மரு இல்லாத துணைக்கு மருந்தும் தேவையில்லை.

ஆணுறை தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும் என்பதால் முழுப் பாதுகாப்பு தராது. மரு இருக்கும் இடத்தைச் சவரம் செய்தால் வைரஸ் பக்கத்துத் தோலிலும் பரவலாம்.

சுண்ணாம்பு, எருக்கலம்பால், உப்பும் மிளகும்

தோலில் மரு வந்தால் நம் ஆட்களுக்குக் கைவைத்தியம் தெரியும். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பார்கள். எருக்கலம்பால், அம்மான் பச்சரிசிப் பால் தடவுவார்கள். தலைமயிரால் இறுக்கிக் கட்டி விழ வைப்பார்கள். தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன்கோயிலில் உப்பும் மிளகும் போட்டு நேர்த்தி தீர்ப்பதுண்டு.

இவற்றால் குணமானது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மரு தானாகவே போகக்கூடியது. உடலின் எதிர்ப்புச் சக்தி வைரஸைக் கண்டுகொண்டால் எந்த மருந்தும் இல்லாமலே அது உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தோமோ அதற்குப் பெயர் கிடைக்கும்.

கைவிரலில் சுண்ணாம்பு வைத்தால் ஒரு வடுவோடு போகலாம். பாலுறுப்பின் தோல் மெல்லியது. அங்கே சுண்ணாம்பும் எருக்கலம்பாலும் ஆழமான புண்ணை உண்டாக்கும், புண்ணில் கிருமி ஏறும், ஆறினாலும் தழும்பு மிஞ்சும். கால் ஆணிக்கும் கைமருவுக்கும் பாமசியில் விற்கும் சாலிசிலிக் அமிலமும் இந்த இடத்துக்கு உரியதல்ல. கடிக்குது என்று சொல்லி வாங்கும் ஸ்டெரொயிட் கலந்த கிரீம் இன்னும் கெடுதல். அது கடியை அடக்கும், கூடவே அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் அடக்கும். மருவுக்கு அது வசதி.

வீட்டில் பூசும் மருந்துகள்

சிகிச்சைகளை இரண்டாகப் பிரிக்கலாம். வைத்தியர் எழுதித் தர, நோயாளி வீட்டில் பூசுபவை ஒரு வகை. கிளினிக்கில் வைத்தியரோ தாதியோ செய்பவை மற்ற வகை. எது கையிருப்பில் இருக்கும் என்பது வைத்தியசாலையையும் காலத்தையும் பொறுத்தது. எது பொருந்தும் என்பது மருவின் எண்ணிக்கை, அளவு, இடம், நோயாளி கர்ப்பிணியா என்பவற்றைப் பொறுத்தது.

முதலாவது பொடோபிலொக்சின். இதன் கதை இமயமலையில் தொடங்குகிறது. அங்கும் வட அமெரிக்கக் காடுகளிலும் வளரும் பொடோபிலம் என்ற செடியின் கிழங்கிலிருந்து எடுக்கும் பிசின், செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும். 1942-இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த கப்லன் என்ற வைத்தியர் அந்தப் பிசின் பாலுறுப்பு மருவைக் கரைப்பதை எழுதினார். பல பத்தாண்டுகள் உலகெங்கும் கிளினிக்குகளில் மரு என்றால் பொடோபிலின் பிசின்தான். அதைக் கிளினிக்கிலேயே தடவி, சில மணி நேரத்தில் கழுவ வேண்டும். அதிகமாகப் பூசினால் உடலுக்குள் உறிஞ்சப்பட்டு நரம்பையும் பாதிக்கும். இதனால் அமெரிக்க வழிகாட்டிகள் 2015-இல் அதைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து விலக்கின.

அந்தப் பிசினில் வேலை செய்யும் பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் சுத்தமாக்கியதே பொடோபிலொக்சின். அளவு நிச்சயமாகத் தெரிவதால் வீட்டில் பூசலாம். காலையும் மாலையும் மூன்று நாட்கள் பூசி, நாலு நாட்கள் நிறுத்தி, திரும்பவும் தொடங்க வேண்டும். இப்படி நாலு சுற்று வரை. மெல்லிய, ஈரமான மருவுக்கு நன்கு கேட்கும். தடித்துக் காய்ந்த மருவுக்கு அவ்வளவாகக் கேட்காது. எரிச்சலும் சிவப்பும் வரும். பெண்ணுறுப்பின் உட்புறத்தில் பூசக்கூடாது. இதே பொருளிலிருந்து உருவாக்கிய எட்டோபொசைட் புற்றுநோய் மருந்தாகப் பயன்படுகிறது. இவ்வளவு வலிமையான பொருள் என்பதால், நாளைக்கு மூன்று முறை பூசினால் சீக்கிரம் போகும் என்று கணக்குப் போடக்கூடாது.

இரண்டாவது இமிகுயிமொட் கிரீம். அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. இது வைரஸையும் தொடாது, மருவையும் எரிக்காது. அந்த இடத்துத் தோலில் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும், மிச்ச வேலையை உடல் செய்யும். கிழமைக்கு மூன்று இரவு பூசி, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். 16 கிழமை வரை நீளலாம். ஆண்களை விடப் பெண்களுக்கு இது கூடுதலாகக் கேட்கிறது. இந்த கிரீம் ரப்பரைப் பலவீனமாக்குவதால், தோலில் இருக்கும்போது ஆணுறையை நம்ப முடியாது.

மூன்றாவது, தேயிலைத் தீவுக்காரர்களுக்குச் சுவாரசியமானது. பச்சைத் தேயிலைச் சாற்றின் கட்டெகின்களிலிருந்து செய்த ஒரு களிம்பு 2006-இல் அமெரிக்காவில் மருவுக்கு அனுமதி பெற்றது. அந்நாட்டில் மருந்துச்சீட்டில் எழுதித்தரும் மருந்தாக அனுமதி பெற்ற முதல் தாவர மருந்து அதுதான். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் தேயிலைச் சாயத்தைப் பூசிப் பயனில்லை. மருந்தில் இருப்பது அளந்து செறிவூட்டிய சாறு.

கிளினிக்கில் செய்பவை

வீட்டில் மருந்தை ஒளித்து வைத்து ஒளித்துப் பூசுவது கூட்டுக் குடும்பத்தில் லேசான காரியமல்ல. பலர் கிளினிக்கில் செய்துகொள்வதையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உறைய வைப்பது: திரவ நைட்ரஜனின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. அதை மருவின் மீது சில விநாடிகள் பீச்சினால் மருவின் செல்கள் உறைந்து சாகும். அந்த நேரத்தில் சுள்ளென்று குத்தும். பிறகு கொப்புளமாகி, சில நாளில் காய்ந்து விழும். ஒன்று இரண்டு கிழமை இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டிவரும். நம்முடைய தோலில் அந்த இடம் சில காலம் வெளுத்தோ கறுத்தோ தெரியலாம்.

அமிலம்: டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை 80 முதல் 90 வீதச் செறிவில் சிறு குச்சியால் மருவின் மீது மட்டும் தொட்டு வைப்பார்கள். மரு வெண்மையாக உறையும். சுற்றியுள்ள தோலில் பட்டால் அதையும் எரிக்கும். அதனால்தான் இது தேர்ந்த கைக்கு உரியது. கிழமைக்கு ஒரு தடவை. விலை குறைந்தது, உடலுக்குள் உறிஞ்சப்படாது.

சூடு வைப்பதும் வெட்டுவதும்: பெரிய, காம்புள்ள, அல்லது மருந்துக்கு மசியாத மருக்களை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து மின்சூட்டால் கருக்கலாம், கத்தரிக்கலாம், லேசரால் அகற்றலாம். ஒரே அமர்வில் கண்ணுக்கு எல்லாம் போய்விடும் என்பது இதன் பலம். கருகும் புகையில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கக்கூடும் என்பதால் அறையில் உள்ளவர்கள் முகக்கவசம் அணிவார்கள், புகையை உறிஞ்சும் கருவியும் வைப்பார்கள். ஆசனவாய்க்கு உள்ளே வரும் மருக்களைச் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் எல்லா இடத்துக்கும் ஏற்ற ஒரே சிகிச்சை என்று எதுவும் இல்லை. ஒன்று கேட்காவிட்டால் மற்றதுக்கு மாறுவதும், இரண்டைச் சேர்த்துச் செய்வதும் வழமையான வைத்தியமே. "இந்த டொக்டர் சரியில்லை" என்று இரண்டு கிழமையில் ஆளை மாற்றினால் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

போனது திரும்பி வருமா?

வரலாம். மருவை அகற்றும் எந்த வழியும் வைரஸை முழுவதும் அகற்றுவதில்லை. வெங்காயத் தறையில் கோரையைப் பிடுங்குகிறவருக்கு இது சொல்லாமலே விளங்கும். புல்லு கையோடு வரும், கிழங்கு செம்மண்ணுக்குள் இருக்கும். மரு போன தோலைச் சுற்றி, பார்வைக்கு நல்ல தோலிலும் வைரஸ் தங்கியிருக்கும். திரும்பி வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அப்போது மறுபடியும் பூசவோ உறைய வைக்கவோ வேண்டும். உடல் வைரஸை அடக்கக் கற்றுக்கொண்ட பிறகு மரு வருவது நின்றுவிடும்.

அதற்கு உடல் வலுவாக இருக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் மரு பெரிதாகவும் பிடிவாதமாகவும் இருக்கும். புகைப்பவர்களுக்கு மருந்து குறைவாகவே கேட்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

எதுவும் செய்யாமல் பார்த்திருப்பதும் வைத்தியர் முன்வைக்கக்கூடிய தெரிவுதான். சிறிய மரு, உபத்திரவம் இல்லை, நோயாளிக்கு அவசரமும் இல்லை என்றால் சில மாதம் விட்டுப் பார்க்கலாம். சரியான ஆளிடம் காட்டி, மருதான் என்று உறுதி செய்த பிறகு எடுக்கும் முடிவு அது. பயத்தில் ஒளித்து வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கர்ப்பகாலத்தில்

பிள்ளை வயிற்றில் இருக்கும் காலத்தில் மரு திடீரெனப் பெருகுவதுண்டு. அந்த மாதங்களில் பொடோபிலின், பொடோபிலொக்சின், இமிகுயிமொட், தேயிலைக் களிம்பு எதுவும் வேண்டாம். உறைய வைப்பதும் அமிலம் தொடுவதும் செய்யலாம். பிரசவத்துக்குப் பிறகு மரு தானாகவே சுருங்கிவிடும் என்பதால் பொறுத்திருக்கவும் சொல்லலாம்.

மரு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. பிரசவ வழியை அடைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால், அல்லது அதிகமாக இரத்தம் கசியும் என்ற பயம் இருந்தால் மட்டுமே அது யோசிக்கப்படும். பிள்ளையின் தொண்டையில் இந்த வைரஸால் மரு வளர்வது உண்டு, ஆனால் மிக அரிது. கிளினிக் கொப்பியில் எழுதப்படும் என்று பயந்து இதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்கும் தாய், தனக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பான சிகிச்சையைத்தான் மறைத்துக்கொள்கிறார். கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது இலங்கை. இந்த நாட்டுக் கிளினிக்குகளுக்கு இரகசியம் காக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எங்கே போவது?

இந்தியாவில் தோல் வைத்தியரே பாலியல் நோயையும் பார்க்கிறார். இலங்கையில் பிரித்தானிய வழமைப்படி பாலியல் நோய் மருத்துவம் தனித் துறை. அதற்கெனத் தனியாகப் பயின்ற விசேட நிபுணர்கள் இருக்கிறார்கள். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் கிளினிக்குகள் இயங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் அது போதனா வைத்தியசாலையில் இருக்கிறது.

அங்கே போக வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. கட்டணம் இல்லை. பதிவு எண்ணை வைத்தே அழைப்பார்கள். வைத்தியர் தனியறையில் பார்ப்பார். மருவோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் செய்வார்கள். "எயிட்ஸ்" என்ற சொல் பலகையில் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. உள்ளே போகிறவர்களில் பலர் மருவுக்கும் வெள்ளைபடுதலுக்கும் கடிக்கும் வந்தவர்கள்.

ஆணோடு ஆண் உறவுள்ளவர்களுக்குத் தயக்கம் இன்னும் கனமானது. அந்த உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அவர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. கிளினிக் வைத்தியரின் வேலை நோயைப் பார்ப்பது, பொலிசுக்குச் சொல்வது அல்ல. ஆசனவாயில் மரு வந்த எல்லாரும் அவ்வகை உறவு கொண்டவர்களும் அல்லர். பக்கத்துத் தோலிலிருந்தும் வைரஸ் அங்கே பரவும்.

ஒரு விதிவிலக்கு, சிறுபிள்ளைகள். பிள்ளையின் பாலுறுப்பிலோ ஆசனவாயிலோ மரு கண்டால், தாயிடமிருந்து பிறப்பின்போதோ, பராமரிப்பவர் கையிலிருந்தோ வந்திருக்கலாம். துஷ்பிரயோகமாகவும் இருக்கலாம். வீட்டில் பேசி முடிக்கக்கூடிய விடயமல்ல. பிள்ளையை உடனே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி எண் 1929.

பெண்களுக்கு இன்னொரு வாசல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக். 35 வயதில் அங்கே கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அந்தக் கட்டிடத்துக்குக் காசு கொடுத்த ஊர், அங்கே போகாமல் தடுக்கும் இந்தப் பரிசோதனைக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம்.

கேட்க வெட்கப்படும் கேள்விகள்

*"டொக்டர், நான் இனிக் கலியாணம் கட்டலாமோ?"*
தாராளமாக. மரு இருக்கும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது. துணையிடம் சொல்லிவிட்டுத் தொடங்கும் வாழ்க்கையில் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

*"பிள்ளை பிறக்காமல் போகுமோ?"*
மருவால் மலட்டுத்தன்மை வராது.

*"பொது மலசலகூடத்தால வந்திருக்குமோ?"*
அதற்கான வாய்ப்பு மிகச் சொற்பம். தோலோடு தோல் உரசுவதே முக்கிய வழி.

*"என்ன சாப்பாட்டை நிறுத்த வேணும்?"*
எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது சிகரெட்.

*"இப்ப தடுப்பூசி போட்டா இது போகுமோ?"*
இருக்கும் மருவை ஊசி கரைக்காது. இன்னும் தொற்றாத வகைகளிலிருந்து மட்டுமே காக்கும்.

ஊசி மகளுக்கு மட்டுமா?

எச்.பி.வி. தடுப்பூசியின் வரலாற்றில் மருவுக்கு ஒரு மரியாதையான இடம் உண்டு. 1970-களில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஹேர்பீஸ் வைரஸே காரணம் என்று பலர் நம்பியிருந்தபோது, ஜேர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன், பாலுறுப்பு மருக்கள் அரிதாகப் புற்றாக மாறியதாகச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மருவின் வைரஸைத் தேடினார். அவருடைய குழு முதலில் மருவிலிருந்து 6-ஆம் வகையைப் பிரித்தது. 1983-இல் புற்றுநோயிலிருந்து 16-ஆம் வகை, அடுத்த ஆண்டு 18. 2006-இல் 6, 11, 16, 18 ஆகிய நாலு வகைகளுக்கும் எதிரான ஊசி வந்தது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு.

அவுஸ்திரேலியா 2007-இல் அந்த ஊசியைப் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே பாலியல் நோய்க் கிளினிக்குகளுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 11 பேருக்கு மேல் மரு இருந்தது. 2011-இல் அது ஒன்றுக்கும் கீழே விழுந்தது. ஊசியே போடாத அதே வயது ஆண்களிலும், பெண்களோடு மட்டும் உறவுள்ளவர்களிடையே, 12-லிருந்து இரண்டு அளவுக்கு இறங்கியது. பெண்கள் காக்கப்பட்டதால் ஆண்களும் தப்பினார்கள். மருவுக்கு இதைவிடப் பெரிய சிகிச்சை எந்தப் போத்தலிலும் இல்லை.

இலங்கை 2017-இல் இந்த ஊசியைத் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. தரம் ஆறு மாணவியருக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கியது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் அன்று கை நீட்டிய முதல் அணிப் பிள்ளைகள் இன்று வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். "பதினொரு வயசுப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் எளிது. ஊசி வைரஸுக்கு முன்னால் போக வேண்டும், பின்னால் போனால் பயன் குறையும். அந்த வயதில் உடல் கொடுக்கும் எதிர்ப்பும் வலுவானது.

ஆண்பிள்ளைகள் நம் திட்டத்தில் இல்லை. ஸ்காபரோவில் இருக்கும் சித்தியின் மகனுக்கு ஒன்ராறியோப் பாடசாலையில் 2016 முதல் இந்த ஊசி உண்டு. லண்டனில் இருக்கும் மாமாவின் மகனுக்கு 2019 முதல் உண்டு. கோண்டாவிலில் இருக்கும் அதே வயது மகனுக்கு, காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டால்தான். இந்தியாவின் சீரம் நிறுவனம் 2023-இல் மலிவான சொந்த ஊசியைச் சந்தைக்குக் கொண்டு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரே ஊசியும் போதும் என்று சொல்லிவிட்டது. செலவு என்ற மறுப்பு ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாகிறது.

மானிப்பாயில் மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் கற்பித்து, 1857-இல் பிரசவ வைத்திய நூலைத் தமிழில் தந்த மண் இது. உடலைப் பற்றித் தமிழில் வெளிப்படையாகப் பேச நமக்கு நூற்றாண்டு கடந்த பழக்கம் இருக்கிறது. மருவைக் கண்டவர் இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போகட்டும். ஊசி நாளில் பெற்றோர் மகளை வீட்டில் மறிக்காமல் பாடசாலைக்கு அனுப்பட்டும். மகனுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்கட்டும். அடுத்த கூட்டத்தில் பத்துப் பேர் கேட்டால், மாகாண சுகாதார அமைச்சு பதில் சொல்லியே ஆக வேண்டும்.